ஆப்டெரான், ஜியான் செயலிகள் - ஓர் ஒப்பீடு

ஆப்டெரான் என்பது ஏஎம்டி நிறுவனமும், ஜியான் என்பது இன்டெல் நிறுவனமும் வழங்கிக் கணினிகளுக்காகவும் பணிநிலையங்களுக்காகவும் வெளியிட்ட நுண்செயலிக் குடும்பங்கள் ஆகும். ஜியான் என்னும் பெயர் 1998 ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. ஆப்டெரான் 2003 ஏப்ரல் 22 அன்று அறிமுகமாகி, 2017 இல் அதே நிறுவனத்தின் எப்பிக் செயலிகளுக்கு இடம் கொடுத்தது. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய காலம் 2003 முதல் 2006 வரையிலான ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் எனலாம். இன்றைய கணினிகளில் 64 பிட் கட்டமைப்பு எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதும், நினைவகக் கட்டுப்படுத்தி எங்கே இருக்க வேண்டும் என்பதும் அந்தப் போட்டியின்போதே முடிவாயின. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அக்காலச் செயலிகளையே ஒப்பிடுகிறது.

பின்னணி

32 பிட் செயலி ஒன்றில் ஒரு நிரல் அணுகக்கூடிய நினைவகத்தின் எல்லை 4 கிகாபைட்டு ஆகும். 1990களின் இறுதியில் பெரிய தரவுத்தளங்களுக்கு இந்த எல்லை நெருக்கடியாக மாறியது. 36 பிட் முகவரி நீட்டிப்பின் மூலம் ஜியான் வழங்கிகளில் 64 கிகாபைட்டு வரை நினைவகம் பொருத்த முடிந்தது. எனினும் தனியொரு நிரலுக்கு 4 கிகாபைட்டு என்னும் வரம்பு மாறவில்லை. தரவுத்தள மென்பொருள்கள் நினைவகத்தின் பகுதிகளைச் சன்னல் போல மாற்றி மாற்றித் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இது வேகத்தைக் குறைத்ததோடு நிரலாளரின் பணியையும் கடினமாக்கியது.

இதற்கு இன்டெல் கண்ட விடை, எக்ஸ்86 வழியிலிருந்து முற்றிலும் விலகிய இட்டானியம் என்னும் புதிய செயலி ஆகும். எச்பி நிறுவனத்துடன் 1994 இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் பயனாக, 2001 இல் முதல் இட்டானியம் வெளிவந்தது. எந்த ஆணைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றலாம் என்பதைச் செயலி தீர்மானிக்காமல், நிரலைத் தொகுக்கும் தொகுப்பியே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. பழைய எக்ஸ்86 நிரல்கள் இதில் இயங்கின என்றாலும் மிக மெதுவாகவே இயங்கின.

ஏஎம்டியோ எதிர்வழியைத் தேர்ந்தெடுத்தது. 1999 இல் அந்நிறுவனம் அறிவித்து 2000 இல் விவரக்குறிப்பாக வெளியிட்ட எக்ஸ்86-64 கட்டமைப்பு, பழைய ஆணைத்தொகுதியை அப்படியே வைத்துக்கொண்டு அதை 64 பிட்டாக நீட்டியது. இதுவே பின்னர் ஏஎம்டி64 எனப் பெயர் பெற்றது. 32 பிட் நிரல்கள் எந்த மாற்றமும் இன்றி, முழு வேகத்தில் இயங்கும் என்பதே ஆப்டெரானின் முதன்மையான வாக்குறுதி. வழங்கி ஒன்றை வாங்குபவர் அதனுடன் தமது மென்பொருள்கள் அனைத்தையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பது இதன் நடைமுறைப் பொருள் ஆகும்.

கட்டமைப்பு வேறுபாடுகள்

2003 இல் ஆப்டெரானின் எதிரில் நின்றது, பெண்டியம் 4 செயலியின் அடிப்படையான நெட்பர்ஸ்ட் கட்டமைப்பில் அமைந்த ஜியான் ஆகும். இரண்டும் 130 நானோமீட்டர் நுட்பத்தில் உருவாக்கப்பட்டவை. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிந்துவிடுகிறது.

நெட்பர்ஸ்ட் கடிகார வேகத்தை முதன்மையாகக் கொண்டது. ஓர் ஆணையைச் செய்து முடிக்கும் வேலை பல சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. இப்படிகளின் வரிசையே பைப்லைன் எனப்படும். படிகள் சிறிதாகும்போது கடிகாரத்தை விரைவாக ஓட்டலாம். 130 நானோமீட்டர் ஜியானில் 20 படிகளும், 2004 இல் வந்த நொகோனா வகை ஜியானில் 31 படிகளும் இருந்தன. ஆப்டெரானில் முழு எண் கணக்குகளுக்கு 12 படிகள் மட்டுமே. ஆகவே 2003 மார்ச்சில் ஜியான் 3.06 கிகாஹெர்ட்ஸை எட்டியிருக்க, அடுத்த மாதம் வெளிவந்த ஆப்டெரான் 1.4 முதல் 1.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான வேகத்திலேயே இயங்கியது.

எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஜியான் ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமானதாகத் தோன்றும். ஆனால் நீண்ட பைப்லைனுக்கு ஒரு விலை உண்டு. நிரலில் கிளை பிரியும் இடங்களில் செயலி அடுத்து வரும் வழியை ஊகித்தே முன்செல்கிறது. ஊகம் தவறினால் பாதியில் நிற்கும் ஆணைகள் அனைத்தையும் கைவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீளமானால் வீணாகும் வேலையும் அதிகம். வழங்கிகளில் ஓடும் தரவுத்தள, வலை நிரல்களில் கிளைகள் மிகுதி. இதனால் ஒரு கடிகாரத் துடிப்பில் ஆப்டெரான் செய்து முடித்த வேலை ஜியானைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. ஏஎம்டி தனது செயலிகளுக்குக் கிகாஹெர்ட்ஸ் அளவைப் பெயராக இடாமல் 240, 242, 244 என்று எண்கள் இட்டதன் காரணமும் இதுவே. இவற்றுள் முதல் இலக்கம், ஒரு வழங்கியில் எத்தனை செயலிகள் வரை பொருத்தலாம் என்பதைக் குறிக்கும்.

ஏஎம்டி64 வெறும் முகவரி நீட்டிப்பு அன்று. பொதுப் பதிவகங்களின் எண்ணிக்கையை 8 இலிருந்து 16 ஆக அது உயர்த்தியது. இடைக்கணக்குகளை நினைவகத்துக்கு அனுப்பி மீண்டும் எடுத்துவரும் வேலை இதனால் குறைந்தது. பெரிய நினைவகம் தேவைப்படாத சில நிரல்கள்கூட 64 பிட்டில் மறுதொகுப்புச் செய்யப்பட்டதும் வேகம் பெற்றமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

நினைவகமும் பாட்டையும்

இரு செயலிகளுக்கும் இடையே மிக முக்கியமான வேறுபாடு கணக்கிடும் பகுதியில் இல்லை. நினைவகத்தை அடையும் வழியில் இருந்தது.

ஜியான் வழங்கியில் நினைவகக் கட்டுப்படுத்தி தாய்ப்பலகையில் உள்ள தனிச் சில்லு ஒன்றில் அமைந்திருந்தது. செயலிகள் அனைத்தும் ஒரே முன்பக்கப் பாட்டை வழியாக அச்சில்லை அடைந்தன. 533 மெகாஹெர்ட்ஸ் பாட்டையின் கடத்துதிறன் நொடிக்குச் சுமார் 4.3 கிகாபைட்டு ஆகும். செயலி ஒன்றானாலும் இரண்டானாலும் இந்த அளவைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே கிணற்றில் ஒரே கயிறு. இறைப்போர் கூடினாலும் நீர் கூடாது.

ஆப்டெரானில் நினைவகக் கட்டுப்படுத்தி செயலியின் உள்ளேயே வைக்கப்பட்டது. ஒவ்வொரு செயலிக்கும் அதற்கே உரிய இரட்டைத் தட நினைவகம் இருந்தது. டிடிஆர்333 நினைவகத்துடன் ஒரு செயலிக்கு நொடிக்குச் சுமார் 5.3 கிகாபைட்டு, இரு செயலிகள் உள்ள வழங்கியில் மொத்தம் 10.6 கிகாபைட்டு, நான்கு இருந்தால் 21 கிகாபைட்டுக்கும் மேல். செயலி கூடக்கூட நினைவகத்தின் கடத்துதிறனும் கூடியது. இடையில் ஒரு சில்லு குறைந்ததால் நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும் தாமதமும் குறைந்தது. செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் என்னும் இணைப்புகள் பயன்பட்டன. 800 வரிசைச் செயலிகள் எட்டினைக் கூடுதல் சில்லுகள் ஏதுமின்றி ஒன்றோடொன்று இணைக்க முடிந்தது.

இக்கருத்து ஏஎம்டிக்கே உரிய கண்டுபிடிப்பு அன்று. டிஇசி நிறுவனத்தில் உருவான ஆல்ஃபா செயலிக் குடும்பத்தின் 21364 வகையிலும் நினைவகக் கட்டுப்படுத்தி உள்ளேயே இருந்தது. டிஇசியில் ஆல்ஃபாவை வடிவமைத்த பொறியாளர்கள் சிலர் பின்னர் ஏஎம்டியில் சேர்ந்தனர் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த அமைப்பிலும் குறைகள் இருந்தன. ஒரு செயலி மற்றொரு செயலியின் நினைவகத்தில் உள்ள தரவைக் கேட்டால், அது இணைப்பைக் கடந்து வர வேண்டும், தாமதம் கூடும். எனவே நிரலையும் அதன் தரவையும் ஒரே செயலியின் அருகில் வைக்கத் தெரிந்த இயங்குதளம் தேவைப்பட்டது. அது தெரியாத பழைய இயங்குதளங்களில் ஆப்டெரானின் முழுப் பயனும் கிட்டவில்லை. மேலும், செலவைக் குறைக்க ஒரே ஒரு செயலியுடன் வழங்கியை வாங்கியோர், பலகையின் மறுபாதியில் உள்ள நினைவகச் செருகுமிடங்கள் பயனற்றுக் கிடப்பதைக் கண்டனர். அச்செருகுமிடங்கள் பொருத்தப்படாத செயலிக்கு உரியவை என்பதே காரணம். எட்டுச் செயலிகளை இணைத்தபோது, ஒவ்வொன்றும் மற்ற ஏழின் பதுக்கு நினைவகங்களையும் விசாரிக்க வேண்டியிருந்ததால் இணைப்புகளில் நெரிசல் மிகுந்தது. இரண்டும் நான்குமே ஆப்டெரானுக்கு இயல்பான எண்ணிக்கைகள்.

செயல்திறன்

எந்தச் செயலி வேகமானது என்னும் வினாவுக்கு வேலையின் தன்மையைச் சொல்லாமல் விடை கூற இயலாது. நினைவகத்தை மிகுதியாக நாடும் அறிவியல் கணக்கீடுகளிலும், பெரிய தரவுத்தளங்களிலும், நான்கு செயலி வழங்கிகளிலும் ஆப்டெரான் தெளிவாக முன்நின்றது. தரவு முழுவதும் பதுக்கு நினைவகத்துக்குள் அடங்கிவிடும் வேலைகளிலும், கடிகார வேகமே முதன்மையான நிகழ்படக் குறிமாற்றம் போன்றவற்றிலும் ஜியான் ஈடுகொடுத்தது. சில நேரங்களில் முந்தியும் சென்றது.

ஜியானில் இருந்த ஹைப்பர்த்திரெடிங் வசதி ஆப்டெரானில் கிடையாது. ஒரு செயலி இரண்டு இழைகளை ஒரே நேரத்தில் ஏற்று, ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும் வேளையில் மற்றொன்றை ஓட்டுவதே இதன் நோக்கம். வலை வழங்கிகளில் இது பயன் தந்தது. எனினும் இரண்டு இழைகளும் ஒரே பதுக்கு நினைவகத்துக்குப் போட்டியிடும்போது வேகம் குறைந்ததும் உண்டு. இதனால் சில மேலாளர்கள் அவ்வசதியை அணைத்தே வைத்திருந்தனர்.

உயர்திறன் கணிமையில் ஆப்டெரான் விரைவாக இடம்பிடித்தது. 2004 ஜூன் மாத மீத்திறன் கணினிப் பட்டியலில் சீனாவின் ஷாங்காயில் நிறுவப்பட்ட டானிங் 4000ஏ பத்தாம் இடத்தைப் பெற்றது. அமெரிக்காவின் சான்டியா ஆய்வகத்துக்காகக் கிரே நிறுவனம் உருவாக்கிய ரெட் ஸ்டார்ம், பின்னர் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2009 நவம்பரில் முதலிடம் பெற்ற ஜாகுவார் ஆகியனவும் ஆப்டெரான் செயலிகளால் ஆனவையே.

இன்டெலின் மறுமொழி

2004 பிப்ரவரியில் இன்டெல், ஏஎம்டி64 ஆணைத்தொகுதியுடன் ஒத்துப்போகும் 64 பிட் நீட்டிப்பைத் தனது ஜியானில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. எக்ஸ்86 கட்டமைப்பின் போக்கை அதுவரை தானே வகுத்துவந்த நிறுவனம், போட்டியாளர் வகுத்த ஆணைத்தொகுதியை ஏற்றுக்கொண்டது கணினி வரலாற்றில் அரிதான நிகழ்வாகும். இட்டானியத்தின் எதிர்காலம் குறுகியதும் இதனால்தான். பெருநிறுவனங்களின் பெருங்கணினிகள் என்னும் ஒரு மூலையில் அது தொடர்ந்து வாழ்ந்து, 2021 இல் கடைசி அனுப்புதலோடு முடிவுற்றது.

2004 ஜூனில் வந்த நொகோனா ஜியானில் 64 பிட் வசதியும், 800 மெகாஹெர்ட்ஸ் பாட்டையும், 1 மெகாபைட்டு இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகமும் இருந்தன. பாட்டையின் கடத்துதிறன் 6.4 கிகாபைட்டாக உயர்ந்தது. ஆனால் பகிர்வு முறை மாறவில்லை. மேலும் 4 கிகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தைப் பழைய 32 பிட் விரிவட்டைகள் நேரடியாக அடைய முடியாமையால், தரவை முதலில் கீழ்ப்பகுதிக்கு நகலெடுத்துப் பின் அனுப்ப வேண்டியிருந்தது. ஆப்டெரானில் இதற்கு முகவரி மாற்றும் வன்பொருள் உதவி இருந்தது. ஆரம்ப 64 பிட் ஜியான்களின் இயற்பிய முகவரி 36 பிட் அளவிலேயே நின்றது. ஆப்டெரானில் அது 40 பிட்.

மின்திறன்

90 நானோமீட்டர் நுட்பத்துக்கு மாறியபோது நெட்பர்ஸ்ட் செயலிகளில் மின்கசிவும் வெப்பமும் எதிர்பார்த்ததைவிட மிகுந்தன. 3.6 கிகாஹெர்ட்ஸ் நொகோனாவின் வெப்ப வடிவமைப்புத் திறன் 103 வாட். அக்கால ஆப்டெரான்களுக்கு 89 வாட். இவ்வெண்களை நேரடியாக ஒப்பிடுவது சரியன்று. ஏஎம்டி குறித்தது உச்ச அளவு. இன்டெல் குறித்தது நடைமுறை நிரல்களில் எதிர்பார்க்கக்கூடிய அளவு. அத்துடன் ஆப்டெரானின் எண்ணில் நினைவகக் கட்டுப்படுத்தியும் அடங்கும். ஜியானுக்கு அது தனிச் சில்லின் கணக்கில் போய்விடும். ஆகவே உண்மையான வேறுபாடு எண்கள் காட்டுவதைவிடப் பெரிது.

தனி மேசைக் கணினியில் இருபது வாட் பெரிதன்று. நூற்றுக்கணக்கான வழங்கிகள் அடுக்கப்பட்ட தரவு மையத்தில் நிலைமை வேறு. செயலி உண்ணும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகி வெளிவருகிறது; அதை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு மேலும் மின்சாரம் வேண்டும். இரவும் பகலும் அணைக்கப்படாத இயந்திரத்துக்கு, வாங்கிய விலையை விடச் சில ஆண்டுகளின் மின்கட்டணமே பெரிய செலவாகக்கூடும் என்னும் உணர்வு இக்காலத்தில்தான் பரவலாயிற்று.

இரட்டைக் கருச் செயலிகள்

2005 ஏப்ரலில் ஏஎம்டி இரட்டைக் கரு ஆப்டெரானை வெளியிட்டது. முதலில் வந்த 865, 870, 875 ஆகியன முறையே 1.8, 2.0, 2.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தன. இரண்டு கருக்களும் ஒரே சில்லில் இருந்து, சில்லின் உள்ளேயே பேசிக்கொண்டன. 90 நானோமீட்டர் ஒற்றைக் கரு ஆப்டெரான்களுக்கு ஏற்ற 940 முனைப் பலகைகள் பலவற்றில், அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு இச்செயலிகளைப் பொருத்த முடிந்தது. ஏற்கனவே ஆப்டெரான் வழங்கி வைத்திருந்தோருக்கு இது எதிர்பாராத பயன்.

இன்டெலின் இரட்டைக் கரு ஜியான் 2005 அக்டோபரில் வந்தது. 2.8 கிகாஹெர்ட்ஸ் வேகம், 135 வாட் வெப்ப வடிவமைப்புத் திறன். இரண்டு செயலிகள் பொருத்தினால் நான்கு கருக்கள் பழைய 800 மெகாஹெர்ட்ஸ் பாட்டை ஒன்றிலேயே காத்து நின்றன. நெட்பர்ஸ்ட் ஜியானின் மிகத் தாழ்ந்த நிலை இதுவெனக் கூறலாம்.

விலையும் மதிப்பும்

அறிமுகத்தின்போது ஆயிரம் எண்ணிக்கை வாங்குவோருக்கு ஆப்டெரான் 240 இன் விலை 283 டாலர், 242 இன் விலை 690 டாலர், 244 இன் விலை 794 டாலர் ஆகும். உச்ச வேகத்துக்கும் அடிநிலைக்கும் இடையே வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடே இருக்க, விலையில் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு இருந்ததைக் கவனிக்கலாம். வழங்கிச் செயலிகளில் உச்ச வகை பெரும்பாலும் மதிப்புக்கேற்ற விலையில் கிடைப்பதில்லை. இது இரு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

செயலியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. தரவுத்தள மென்பொருளின் உரிமக் கட்டணம் பல வேளைகளில் முழு வன்பொருளையும் விஞ்சும். ஆகவே இரட்டைக் கருச் செயலியை ஒன்றாகக் கணக்கிடுவதா இரண்டாகவா என்பது பெரிய வினாவாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2004 அக்டோபரில், கருக்களை எண்ணாமல் செயலிகளையே எண்ணப்போவதாக அறிவித்தது. ஆரக்கிள் முதலில் ஒவ்வொரு கருவையும் தனிச் செயலியாகக் கொண்டு, பின்னர் கருக்களின் எண்ணிக்கையை ஒரு பின்னத்தால் பெருக்கும் முறைக்கு மாறியது. முன்னதன் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இரட்டைக் கரு ஆப்டெரான் இலவசமாகக் கிடைத்த இரண்டாம் செயலி போன்றது. பின்னதைப் பயன்படுத்துவோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஜியானின் வலிமை சில்லுக்கு வெளியே இருந்தது. பலகை, சில்லுத் தொகுதி, வலையமைப்பு அட்டை ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்திடம் சோதிக்கப்பட்டுக் கிடைத்தன. பெரிய கணினி நிறுவனங்கள் எல்லாம் ஜியான் வழங்கிகளை விற்றன. ஆப்டெரானை 2003 இல் ஐபிஎம்மும், 2004 இல் சன், எச்பி ஆகியனவும் ஏற்றன. டெல் 2006 இல்தான் ஏற்றது. விற்பனையாளர்களுக்கு நிபந்தனையுடன் தள்ளுபடி அளித்துத் தன்னைச் சந்தையிலிருந்து இன்டெல் விலக்கியதாகக் குற்றஞ்சாட்டி ஏஎம்டி 2005 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இன்டெல் குற்றச்சாட்டை மறுத்தது. 2009 நவம்பரில் இன்டெல் 125 கோடி டாலர் வழங்கும் உடன்படிக்கையுடன் வழக்கு முடிவுற்றது.

மென்பொருள் ஆதரவிலும் தொடக்கத்தில் தாமதம் இருந்தது. லினக்சு பயனர்களுக்கு 64 பிட் வெளியீடு செயலியுடனேயே கிடைத்தது. விண்டோசு சர்வர் 2003 இன் 64 பிட் பதிப்பு 2005 ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் விண்டோசு பயனர்கள் ஆப்டெரானை ஒரு வேகமான 32 பிட் செயலியாகவே பயன்படுத்தினர்.

2006 க்குப் பின்

2006 ஜூனில் வெளிவந்த ஜியான் 5100 வரிசை நெட்பர்ஸ்டைக் கைவிட்டது. இதன் அடிப்படையான கோர் கட்டமைப்பு, மடிக்கணினிகளுக்கான பெண்டியம் எம் வழியில் இசுரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழுவால் வளர்க்கப்பட்டது. 3.0 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 5160 செயலிக்கு 80 வாட் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே 1333 மெகாஹெர்ட்ஸ் பாட்டை தரப்பட்டது. இரு கருக்களும் 4 மெகாபைட்டுப் பதுக்கு நினைவகத்தைப் பகிர்ந்தன. இரண்டு செயலி வழங்கிகளில் ஆப்டெரானின் முன்னிலை ஒரே தலைமுறையில் மறைந்தது. பயன்படுத்தப்பட்ட புதுவகை நினைவகத் தகடுகள் ஒவ்வொன்றும் கூடுதலாகச் சில வாட்டுகளை உண்டது மட்டுமே குறை. நான்கு செயலி வழங்கிகளில் ஆப்டெரான் மேலும் சில காலம் தாக்குப்பிடித்தது.

2007 செப்டம்பரில் வந்த நான்கு கரு ஆப்டெரானான பார்சலோனாவின் முகவரி மாற்றப் பதுக்ககத்தில் பிழை ஒன்று கண்டறியப்பட்டது. அதைத் தவிர்க்கும் மென்பொருள் வழி வேகத்தைக் குறைத்தது. திருத்தப்பட்ட சில்லு 2008 இல்தான் பரவலாகக் கிடைத்தது. வழங்கி வாங்குவோர் வேகத்தைவிட நம்பகத்தன்மையைப் பெரிதாக மதிப்பவர்கள் ஆதலால் இந்த இடைவெளி ஏஎம்டிக்குப் பெரும் இழப்பாயிற்று.

2009 மார்ச்சில் வெளிவந்த ஜியான் 5500 வரிசையில் நினைவகக் கட்டுப்படுத்தி செயலியின் உள்ளே வந்தது. செயலிகள் நேரடி இணைப்புகளால் பிணைக்கப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆப்டெரான் தேர்ந்த அதே அமைப்பு. ஹைப்பர்த்திரெடிங்கும் திரும்பியது, இம்முறை போதிய நினைவகக் கடத்துதிறன் இருந்தமையால் நன்கு பயன்பட்டது. அதன் பின் 2011 இல் புல்டோசர் கட்டமைப்பில் வந்த 16 கரு ஆப்டெரான்கள் கருக்களின் எண்ணிக்கையில் முந்தினாலும் ஒற்றைக் கருவின் வேகத்தில் மிகவும் பின்தங்கின. 2017 ஜூனில் எப்பிக் வெளிவரும் வரை வழங்கிச் சந்தையில் ஜியானுக்குத் தக்க போட்டி இல்லை.

ஆப்டெரான் என்னும் பெயர் விற்பனையில் இல்லாவிட்டாலும் அது அறிமுகப்படுத்திய ஆணைத்தொகுதி இரு நிறுவனங்களின் செயலிகளிலும் இயங்குகிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்சு வெளியீடுகளில் இன்டெல் செயலி உள்ள கணினிக்குத் தரவிறக்கும் கோப்பின் பெயரிலும் ஏஎம்டி64 என்றே குறிக்கப்பட்டிருக்கும். தவறான கோப்பை எடுத்துவிட்டோமோ எனப் புதிய பயனர்கள் ஐயுறுவது உண்டு. அது சரியான கோப்பே ஆகும்.